கிரனடா கத்திரிக்காய்

"கஸ்தூரி, அந்தக் கத்திரிக்காய்க் கடை எந்தத் தெருவுல இருக்கு?"

ஃபோனில் சந்தானம் இப்படிக் கேட்டபோது கஸ்தூரிரங்கன் புல் வெட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். டெக்சாஸ் ஜூன் மாத வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தும், கேள்வியைக் கேட்டதும் அவருக்குப் புதிதாக ஒரு தடவை வியர்த்தது.

"எந்தக் கத்திரிக்காய் சார்?"

"நன்னாக் கேட்டேள் போங்கோ. கிரனடால கார்மென் அம்மாள் உங்களுக்குச் சுட்டுப் போட்டாளே, அந்தக் கத்திரிக்காய். எங்களுக்கு ஆகஸ்டோட கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் முடியறது. பர்வதத்தை ஸ்பெயினுக்கு அழைச்சுண்டு போறேன். டிக்கெட் புக் பண்ணியாச்சு. நீங்க எங்கெங்க சாப்பிட்டேளோ அங்கெல்லாம் நாங்களும் சாப்பிடறதா பிளான்."

கஸ்தூரிரங்கன் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் நிம்மதியாகச் சாப்பிட்ட இடம் என்று பார்த்தால் ஸ்பெயின் தேசம் முழுவதற்கும் ஒன்றுதான் தேறும். அது ஹோட்டல் கட்டிலின் ஓரம்.

"அந்தக் கடைக்குப் போர்டு கிடையாது சார். விசாரிச்சுண்டுதான் போகணும்" என்றார்.

போர்டு இல்லாத கடையைத் தேடிப் போக யாருக்கும் மனம் வராது என்பது அவர் கணக்கு. சந்தானம் குதூகலமாகிவிட்டார். போர்டு இல்லாத கடையில்தான் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றார். தன் ஆபீசில் மெக்ஸிகோக்காரர் ஒருவர் இருப்பதாகவும், இன்றைக்கே அவரிடம் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிடப் போவதாகவும் சொல்லி ஃபோனை வைத்தார்.

வேதவல்லி அடுப்பருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, சொல்லிடுங்கோளேன்."

"என்னத்தச் சொல்றது?"

"கத்திரிக்காயும் இல்லை, கார்மெனும் இல்லைன்னு."

கஸ்தூரிரங்கன் குளிக்கப் போனார். சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் அவர் போன மாதமே சொல்லியிருப்பார்.

அவர்கள் இருந்த ரிச்சர்ட்சனில் அந்தக் காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு பெரிய ஹாலில் அடங்கிவிடும். எண்பதுகளில் டெலிஃபோன் கம்பெனிகள் வரிசையாக வந்து உட்கார்ந்த ஊர். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அவற்றில் இன்ஜினியர்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பாட்லக். எங்கே பயணம் போய் வந்தாலும் அடுத்த பாட்லக்கில் ஸ்லைடு போட்டுக் காட்டியாக வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். கோபுரத்தையும் கோட்டையையும் யாரும் லட்சியம் செய்வதில்லை. மூன்றாவது ஸ்லைடுக்குள் ஒரு குரல் இருட்டிலிருந்து வந்துவிடும்: "அதெல்லாம் சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்ணினேள்?"

இந்த இடத்தில்தான் ஒவ்வொருவருடைய சாமர்த்தியமும் தெரியும். சந்தானம் இத்தாலி போய் வந்து போட்ட ஸ்லைடு ஷோவைப் பற்றி வருஷக்கணக்கில் பேசினார்கள். ரோமில் ஒரு விதவை அம்மாள், பர்வதம் மாமிக்கு வெங்காயம் ஆகாத நாள் என்று தெரிந்ததும் வெங்காயம் இல்லாமல் தனியாகச் சமைத்துப் போட்டாளாம். தக்காளி ரசம் போல ஒன்று, பூசணிக்காய் அடைத்த கொழுக்கட்டை போல ஒன்று. கிளம்பும்போது வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். கேட்டவர்கள் எல்லோரும் எச்சில் விழுங்கினார்கள். அதிலும் மாமி ஆசாரம் என்றால் அப்படியொரு ஆசாரம். முட்டை இருக்குமோ என்று பிறந்தநாள் கேக்கைக்கூடத் தொடாதவள். அவளே சாப்பிட்டாள் என்றால் சும்மாவா?

அதற்குப் பிறகு பிச்சுமணி பாரிஸ் போய் வந்தான். பிச்சுமணி உள்ளதை உள்ளபடி சொல்கிற ஜன்மம். நாள் முழுக்க பன்னும் வாழைப்பழமும் தின்றதாகச் சொல்லிவிட்டான். ஹாலே சிரித்தது. சிரித்ததோடு விட்டார்களா? அன்றிலிருந்து அவனுக்குப் பன் பிச்சுமணி என்றே பெயர். அவன் வீட்டுக்குப் போனால் அவன் மனைவி என்ன பலகாரம் வைத்தாலும் "பன் இல்லையா?" என்று ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. அப்படிக் கேட்டவர்களில் கஸ்தூரிரங்கனும் ஒருவர்.

ஆகவே, கம்பெனி அவரை ஒரு டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சை நிறுவிக் கொடுக்க மாட்ரிட்டுக்கு அனுப்பியபோதே அவருக்கு ஒரு பயம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. இயந்திரத்தைப் பற்றிக் கவலையில்லை. அதைப் பற்றி பாட்லக்கில் யாரும் கேட்கப் போவதில்லை.

மாட்ரிட்டில் முதல் நாளே துணிச்சலாக ஒரு நல்ல ரெஸ்டாரண்டுக்குள் நுழைந்தார். உள்ளே விதானத்திலிருந்து பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. தலையைக் குனிந்துகொண்டே போய் உட்கார்ந்து, இறைச்சி வேண்டாம், காய் மட்டும் போதும் என்று படித்து வைத்திருந்த ஸ்பானிஷில் சொன்னார். பீன்ஸ் வந்தது. ஊரில் அம்மா பண்ணுகிற மாதிரி பொடியாக நறுக்கின பீன்ஸ். நடுநடுவே சின்னச் சின்னதாகச் சிவந்த துண்டுகள். பீன்ஸும் கேரட்டும் சேர்த்துப் பண்ணுவது நம் வீட்டிலும் உண்டுதானே? பசியில் பாதித் தட்டைக் காலி பண்ணிவிட்டார். கேரட் கொஞ்சம் உப்பாக இருக்கிறதே என்று வெயிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அவன் பெருமையோடு அண்ணாந்து விதானத்தைக் காட்டினான். காய்க்கு ருசி வேண்டாமா, அதற்காகக் கொஞ்சம் போடுவோம், அதையெல்லாம் இறைச்சி என்று சொல்ல முடியாது என்று விளக்கினான்.

இதை அவர் வேதவல்லியிடம்கூடச் சொல்லவில்லை. பெருமாளிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் பெயர்களைக் குறிப்பிடாமல்.

அன்றிலிருந்து அவருக்குத் துணை, வேதவல்லி பெட்டியில் வைத்திருந்த சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சல் பாட்டிலும்தான். குக்கரின் கண்ணாடி மூடி என்றோ உடைந்துபோனதால், அவளுடைய கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தட்டு ஒன்று மூடியாக இருந்தது. தட்டில் 'வேதவல்லி' என்று பெயர் வெட்டியிருக்கும். சனி ஞாயிறுகளில் டொலேடோ, செகோவியா, செவில், கிரனடா என்று ரயிலேறிப் போனார். ஒவ்வொரு ஊரிலும் பேர்பெற்ற உணவுக் கடையின் வாசலில் நின்று பூண்டும் ஆலிவ் எண்ணெயும் கலந்த வாசனையை முகர்ந்தார். ஒரு ஃபோட்டோ எடுத்தார். பிறகு ஹோட்டலுக்கு ஓடிப்போய்ச் சாதம் வைத்தார்.

கிரனடாவில் ஒரு விபரீதம். ஐரோப்பாக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் கன்வர்ட்டர் பெட்டி புகைந்து, மாடி முழுவதும் விளக்கு அணைந்தது. ஒரு நகரத்தின் டெலிஃபோன்களுக்கெல்லாம் மின்சாரம் கணக்குப் போட்டுக் கொடுத்த மனிதர், இருட்டில் மண்டியிட்டுச் சுடுகிற குக்கரைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் திணித்தார். மேனேஜர் கதவைத் தட்டியபோது கட்டிலில் படுத்துக் குறட்டை விடுகிற மாதிரி நடித்தார். எவர்சில்வர் தட்டு எங்கேயோ உருண்டு போய்விட்டது. தேடத் தைரியம் வரவில்லை. விடிந்ததும் மேனேஜர் முகத்தைப் பார்க்காமல் கிளம்பி வந்துவிட்டார்.

"என் தட்டு எங்கே?" என்று வேதவல்லி கேட்டபோது, ஏர்போர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள் என்றார். பொய்க்கு அது பிள்ளையார் சுழி.

ஸ்லைடு ஷோ சந்தானம் வீட்டில் நடந்தது. ப்ரொஜெக்டர் டாக்டர் தியாகராஜாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் ரசித்துச் சாப்பிடுகிறவர். அதனாலேயே அவர் கேள்வி நேராக வந்தது.

"கஸ்தூரி, கடையெல்லாம் வடிவாத் தெரியுது. உள்ளுக்கை போய் என்ன சாப்பிட்டனீங்கள்?"

திரையில் அப்போது கிரனடாவின் மேட்டுத் தெரு ஒன்றில் ஒரு வெள்ளைச் சுவர், நீலக் கதவு, ஜன்னலில் பூந்தொட்டி. உண்மையில் அது கடையே இல்லை, யாரோ ஒருவருடைய வீடு. கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார். முன் வரிசையில் பன் பிச்சுமணி வடையை மென்றுகொண்டு ஆவலாக அண்ணாந்து பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மை அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. பதிலுக்கு வெளியே வந்தவள்தான் கார்மென் அம்மாள்.

கார்மென் அம்மாள் கரியடுப்பில் கத்திரிக்காயைச் சுட்டாள். தோலை உரித்தாள். ஆலிவ் எண்ணெயில் சீரகத்தைப் பொரித்துக் கொட்டினாள். கத்தியில்கூட இறைச்சி பட்டிருக்கக் கூடாது என்று அவருக்காகப் புதுக் கத்தி எடுத்தாள். சொல்லச் சொல்லக் கஸ்தூரிரங்கனுக்கே பசித்தது. அந்த உற்சாகத்தில் செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும், டொலேடோவில் கன்னியாஸ்திரீகள் மடத்துப் பாதாம் பலகாரம் என்று ஊருக்கு ஒன்றாகச் சாப்பிட்டு முடித்தார். கைதட்டல் எழுந்தது. வேதவல்லி மட்டும் பேப்பர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கிய ஹோட்டல்களின் பெயரை மட்டும் அவர் உள்ளபடி சொல்லியிருந்தார், அவை ஸ்லைடிலேயே தெரிந்ததால்.

"எனக்கு ஏன் சார் இப்படி ஒருத்தரும் வாய்க்கலை?" என்று பிச்சுமணி கேட்டான். குரலில் பொறாமை இல்லை, வெறும் வருத்தம்தான். அன்று ராத்திரி கஸ்தூரிரங்கனுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இப்போது சந்தானம் நிஜமாகவே கிளம்புகிறார். மாமியும் போகிறாள். கேக்கைத் தொடாத மாமி, இவர் பேச்சை நம்பி எந்தக் கடையிலாவது உட்கார்ந்து, பீன்ஸும் கேரட்டும் என்று எதையாவது வாயில் போட்டுக்கொண்டால்? அவர் விழுங்கியது அவரோடு போகட்டும். மாமி விழுங்கினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

மறுவாரம் அவரே சந்தானத்துக்கு ஃபோன் பண்ணினார். ஸ்பெயினில் ஆகஸ்ட் மாதம் முழுவதும் கடைகளை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், கார்மென் அம்மாளும் அப்படித்தான், அதனால் இந்த வருஷம் வேண்டாம், பேசாமல் கொலராடோ போங்கள் என்றார். சந்தானம் மனதார நன்றி சொன்னார். இரண்டு நாள் கழித்து, டிக்கெட்டை அக்டோபருக்கு மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது.

அக்டோபரில்தான் நவராத்திரி. ரிச்சர்ட்சனில் கொலு என்றால் அது பர்வதம் மாமியின் கொலுதான். கராஜிலிருந்து பலகைகளையும் பால் கூடைகளையும் கொண்டுவந்து அடுக்கிப் படி கட்டுவாள். ஹூஸ்டனிலிருந்துகூட ஆட்கள் காரில் வருவார்கள். இந்த வருஷம் கொலு இல்லை என்று தெரிந்ததும் பெண்கள் மத்தியில் கொதிப்பு. கத்திரிக்காய்க்காகக் கொலுவையே விட்டுவிட்டாளாமே என்று மாமியைச் சொன்னார்கள். இந்தக் கஸ்தூரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அவரையும் சொன்னார்கள்.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கார்மென் அம்மாளைக் கொன்றுவிடுவது என்று முடிவு பண்ணினார்.

ஜூலை பாட்லக் தியாகராஜா வீட்டில். கஸ்தூரிரங்கன் சந்தானத்தைத் தனியாக ஒதுக்குப்புறம் அழைத்துப்போய், மாட்ரிட் ஆபீஸ் நண்பர் ஃபோனில் சொன்னதாகச் சொன்னார். கார்மென் அம்மாளுக்கு மூச்சுத் திணறலாம். ஒரே நாள் படுக்கையாம். இனிமேல் அந்தக் கடை இல்லை.

சந்தானம் விஷயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்கிற மனிதர் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஹாலின் நடுவில் போய் நின்றார். நம் பிள்ளை ஒருவனைத் தன் பிள்ளையாக நினைத்துச் சோறு போட்ட மகராசி போய்விட்டாள் என்றார். எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார்கள். தியாகராஜா வீட்டு டிவியைக்கூட யாரோ அணைத்தார்கள். பர்வதம் மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கஸ்தூரிரங்கன் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தலை குனிந்து நின்றது துக்கத்தால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டது வேறு அவரைக் கொன்றது.

மௌனம் கலைந்ததும் மாமி மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தம்மாவுக்குப் பொண்ணு பிள்ளைன்னு யாராவது உண்டா?"

ஹால் முழுக்க அவரையே பார்த்தது. ஒருத்தரும் இல்லாத அநாதையாக அவளைச் சாகவிட அவருக்கு மனம் வரவில்லை.

"ஒரு பொண்ணு இருக்கா மாமி."

அவ்வளவுதான். சந்தானத்துக்குப் பயணம் இப்போது கடமையாகிவிட்டது. பெண்ணைப் பார்த்துத் துக்கம் விசாரிக்காமல் விடுவதாவது? எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு பெரிய அனுதாப கார்டு தயாரானது. பிச்சுமணிதான் அதில் நிறைய எழுதினான். 'உங்கள் அம்மாவைப் போல ஒருவரை என் பயணத்தில் நான் சந்திக்கவில்லை' என்று ஆரம்பித்து ஓரம் முழுக்க எழுதியிருந்தான். பெண்ணுக்கு வைத்துக்கொடுக்க மாமி ஒரு காஞ்சிபுரம் ரவிக்கைத் துணியை எடுத்து வைத்தாள்.

"இன்னும் யாரையாவது கொல்லணுமா?" என்று காரில் திரும்பும்போது வேதவல்லி கேட்டாள். கஸ்தூரிரங்கன் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துச் சந்தானம் வீட்டுக்குப் போனார். பன் என்ன, வேறு எந்தப் பட்டம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும். கத்திரிக்காய் கஸ்தூரி என்று ஆயுசு முழுக்கக் கூப்பிடட்டும். காலிங் பெல்லை அடித்தார். சந்தானம் கடைக்குப் போயிருந்தார், மாமிதான் கதவைத் திறந்தாள். பெட்டிகள் ஹாலில் திறந்தபடி கிடந்தன. கொலுப் பலகைகள் கராஜிலேயே இருந்தன.

"மாமி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கோ. அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் மாமி. அதிகம் பேசாதவள் அன்று பேசினாள். "நான் முதல்ல வரலைன்னுட்டேன். இந்த மனுஷரோட வெளியூர் போய்ப் பட்டது போதும்னு இருந்தது. நீங்க ஸ்லைடு போட்டப்பறம்தான் ஒத்துண்டேன். கஸ்தூரி சாப்பிட்ட இடம்னா பயமில்லாம உட்காரலாம். இந்தத் தடவையாவது ஒரு வாய் சுடச்சுட, இன்னொருத்தர் சமைச்சுப் போட்டுச் சாப்பிடணும்னு ஆசை. உங்களை நம்பித்தான் போறேன்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கஸ்தூரிரங்கன் திரும்பினார். காருக்குப் போனார். வேதவல்லி செய்து கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில் பின் சீட்டில் இருந்தது. எடுத்துவந்து நீட்டினார்.

"வழில எதுக்கும் இருக்கட்டும் மாமி."

மாமி பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாட்டிலை வாங்கிப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

நவராத்திரி பத்து நாளும் ரிச்சர்ட்சனில் ஒரு வீட்டிலும் சுண்டலுக்கு ருசி இல்லை என்று அவருக்குத் தோன்றியது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் கிரனடாவின் மேட்டுத் தெருக்களில் மாமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவது தெரிந்தது. கையில் ரவிக்கைத் துணி, பக்கத்தில் புதிதாகக் கற்ற ஸ்பானிஷோடு சந்தானம், பசி. வேதவல்லி பீன்ஸ் பண்ணியிருந்தால் தட்டை அப்படியே நகர்த்திவிட்டார்.

திரும்பி வந்தார்கள். அடுத்த பாட்லக் சந்தானம் வீட்டிலேயே. ஊர் முழுக்க வந்திருந்தது. கஸ்தூரிரங்கன் கதவுக்குப் பக்கமாக, ஓட வசதியான இடத்தில் உட்கார்ந்தார். சந்தானத்தின் கன்னங்கள் ஒட்டியிருந்தன. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்தபோதே கஸ்தூரிரங்கனுக்கு எழுந்துபோய்க் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

ஸ்லைடு ஓடியது. நீலக் கதவு வந்தது. தியாகராஜா தொண்டையைக் கனைத்தார்.

"பிள்ளையைக் கண்டனீங்களோ?"

"பார்க்காம வருவோமா டாக்டர்?" என்றார் சந்தானம்.

பார்த்தார்களாம். கார்மென் அம்மாளின் பெண் கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். அம்மா போன பிறகு அடுப்பைத் தான்தான் அணையவிடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாளாம். கத்திரிக்காய் சுட்டாளாம். ஆலிவ் எண்ணெயில் சீரகம் பொரித்துக் கொட்டினாளாம். கஸ்தூரி சௌக்கியமா என்று விசாரித்தாளாம். இப்படி ஒரு சாப்பாட்டைத் தன் ஆயுசில் சாப்பிட்டதில்லை என்று சந்தானம் முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் கஸ்தூரிரங்கன் பக்கம் திரும்பியும் கைதட்டினார்கள்.

கஸ்தூரிரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லாத கடையைத் தேடி அலைந்திருக்கிறார்கள். பட்டினி கிடந்திருக்கிறார்கள். வந்ததும் முதல் காரியமாக அவரைக் கூப்பிட்டு நாலு அறை விட்டிருக்கலாம். ஊரைக் கூட்டி மானத்தை வாங்கியிருக்கலாம். இந்தப் பெரிய மனுஷர் என்னடாவென்றால், சின்னவன் ஒருவன் சபையில் தலைகுனியக் கூடாது என்று தானும் ஒரு பொய்யைச் சொல்லி அவனைத் தூக்கி நிறுத்துகிறார். பன் பிச்சுமணியைப் பார்த்துத் தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. தான் எவ்வளவு அல்பம், இவர் எவ்வளவு உயர்த்தி. வெட்கம் தாங்காமல் எழுந்து சமையலறைக்குப் போனார்.

மாமி தனியாக நின்று தயிர் சாதத்தைப் பெரிய பாத்திரத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளும் இளைத்திருந்தாள்.

"மாமி, என்னை மன்னிச்சுடுங்கோ" என்றார் கஸ்தூரிரங்கன். "நான் கிரனடால கத்திரிக்காய் சாப்பிடலை. கார்மென்னு யாருமே இல்லை. ஒரு ஊர்லயும் ஒரு கடைலயும் நான் சாப்பிடலை. உங்க கொலுவையும் கெடுத்து, உங்களைப் பட்டினியும் போட்டேன். சார் எனக்காக அங்க பொய் சொல்லிண்டு இருக்கார்."

மாமி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீலக் கதவைத் தட்டினோம்" என்றாள் சாதாரணமாக. "ஒரு பெரியவர் வந்தார். கார்டைக் குடுத்தோம். கார்மென்ங்கறது அவர் பெண்டாட்டி பேராம். உள்ள உயிரோட உட்கார்ந்துண்டு இருக்கா, யாருக்குத் துக்கம் விசாரிக்க வந்தேள்னு தெருவே கேக்கறாப்ல கத்தினார். நாங்க இறக்கத்துல ஓடினதுல எனக்கு இன்னும் முழங்கால் வலிக்கறது."

கஸ்தூரிரங்கன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஹாலில் பிச்சுமணியின் குரல் கேட்டது. அடுத்த வருஷம் அவனும் ஸ்பெயின் போவதாக இருக்கிறானாம். அந்தக் கடை எந்தத் தெரு என்று கேட்டான்.

"போர்டு கிடையாது பிச்சுமணி. விசாரிச்சுண்டுதான் போகணும்" என்று சந்தானம் பதில் சொல்வது கேட்டது.

மாமி அலமாரியின் மேல்தட்டைத் திறந்து, ஒரு துண்டில் சுற்றியிருந்த எதையோ எடுத்தாள். பிரித்தாள். எவர்சில்வர் தட்டு. நடுவில் 'வேதவல்லி' என்று வெட்டியிருந்தது.

"நீங்க சொன்ன ஹோட்டல்லதான் தங்கினோம். நாங்க சாதம் வெச்சப்போ மாடி முழுக்கக் கரண்ட் போயிடுத்து. மேனேஜர் வந்து எங்க குக்கரைப் பார்த்தான். ஒண்ணும் பேசாம கீழ போய் இதை எடுத்துண்டு வந்து குடுத்தான். உங்க ஊர்க்காரா விட்டுட்டுப் போனதுன்னு சொன்னான்."

கஸ்தூரிரங்கன் தட்டைக் கையில் வாங்கினார். அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"ஆபீஸ்ல உங்களை எப்பவாவது ரோமுக்கு அனுப்பினா சொல்லுங்கோ. ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்ல இதே மாதிரி ஒரு தட்டு இருக்கும், 'பர்வதம்'னு பேர் வெட்டினது. கேட்டு வாங்கிண்டு வந்துடுங்கோ."